டிரங்குப் பெட்டியில் வந்த தாயத்து

லேக் மார்க்கெட்டில் எங்கள் அப்பளக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் ஒரு வங்காளி அம்மாள் குடியிருந்தார். தீதி, அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவேன். டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆனாலும் தென்னாட்டுக் கடைக்காரன் எவனும் அவருக்கு 'அண்ணா'தான். காலையில் நான் கடையைத் திறந்து முருகன் படத்துக்குக் கற்பூரம் காட்டுகிற நேரம், அவர் ஜோல்னாப் பையோடு நூலகத்துக்குக் கிளம்புவார். இப்போது அந்த வீட்டில் வேறு குடித்தனம். இருந்தும் படியில் செருப்புச் சத்தம் கேட்டால் இன்னமும் நிமிர்ந்து பார்க்கிறேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்தது பட்டாளத்துச் சரித்திரம். சும்மா பட்டாளம் இல்லை. பாராசூட்டில் குதித்து, காதும் காதும் வைத்தாற்போல வேலையை முடித்துவிட்டு வருகிற விசேஷப் படைகள். எந்தப் பிரிவை எப்போது தொடங்கினார்கள், யார் பயிற்சி கொடுத்தார்கள் என்று தேடித் தேடிச் சேர்ப்பார். கட்டிலைத் தவிர வீட்டில் எல்லாவற்றின் மேலும் காகிதம். நான் அப்பளம் சுற்றிக் கொடுக்கிற பழைய பேப்பரையும் விடமாட்டார். அப்பளத்தை ஓரமாக வைத்துவிட்டு, அதில் பட்டாளச் செய்தி ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார்.

"சமையல் புஸ்தகம் எழுதினாலாவது நமக்கு நாலு வியாபாரம் ஆகும்" என்பாள் என் மனைவி.

ஒரு வருஷம் கந்தசஷ்டிக்குக் காப்புக் கட்டிக்கொண்டு விரதத்தில் இருந்தேன். ரசப்பொடி வாங்க வந்த தீதி என் மணிக்கட்டையே பார்த்தார்.

"இதைக் கழற்றவே மாட்டாயா, அண்ணா?"

"சூரசம்ஹாரம் முடிகிறவரைக்கும் கையே போனாலும் கழற்ற மாட்டேன், தீதி."

நான் பெருமையாகத்தான் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் தம்பியைப் பற்றிச் சொன்னார்.

ஒரே தம்பி. அந்த மாதிரிப் படை ஒன்றில் இருந்தவன். கடைசியாக லீவில் வந்தபோது, காளி கோயிலில் மந்திரித்த தாயத்து ஒன்றை இவர் அவன் கையில் கட்டியிருக்கிறார். "கூட இருக்கிறவன் எல்லாம் சிரிப்பான்" என்று அவன் கேலி செய்ய, இவர் கோபித்துக்கொள்ள, முகம் கொடுத்துப் பேசாமலே ரயில் ஏறிவிட்டான். அப்புறம் வந்தது ஒரு தந்தியும் கறுப்பு டிரங்குப் பெட்டியும்தான். பெட்டிக்குள் ஸ்வெட்டருக்கு நடுவில் அந்தத் தாயத்து இருந்தது.

"என் மேல் கோபத்தில் கழற்றிப் போட்டுவிட்டான், அண்ணா. கையில் இருந்திருந்தால் திரும்பி வந்திருப்பான்."

முருகா என்றேன்.

காளி பூஜை முடிந்து இரண்டாம் நாள் இங்கே பாய்ஃபோட்டா. எமன் அண்டக் கூடாது என்று வேண்டிக்கொண்டு, உடன்பிறந்தவன் நெற்றியில் அக்கா தங்கைகள் சந்தனப் பொட்டு வைப்பார்கள். அவன் தூர தேசத்தில் இருந்தால் வாசல் நிலையில் வைப்பதும் உண்டு. தம்பி பட்டாளத்தில் இருந்த வருஷமெல்லாம் தீதி அப்படித்தான் வைத்திருக்கிறார். பெட்டி வந்த பிறகு நிறுத்திவிட்டார். ஊரில் உள்ள ஆபீசர்களுக்கெல்லாம் கடிதம் போட்டு என்னென்னவோ கேட்டவர், தாயத்தைப் பற்றி மட்டும் ஒருவரிடமும் கேட்டதில்லை. என்ன பதில் வருமோ என்று பயம்.

எனக்கு அது மனதில் கிடந்து உறுத்தியது. கார்டன் ரீச்சிலிருந்து மாதா மாதம் காப்பிப்பொடிக்கு வருகிற ஒரு பெரியவர் உண்டு. வேலூர்ப் பக்கத்துக்காரர். பாராசூட் படையில் ஸ்டோர் பார்த்தவர். மருமகனுக்கு ரயில்வேயில் வேலை என்பதால் மகள் வீட்டோடு இருந்தார். பட்டாளத்துச் சரித்திரம் எழுதுகிறவர் என்று மட்டும் அவரிடம் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை தீதியைக் கூட்டிக்கொண்டு போனேன்.

தீதியின் தம்பியை அவருக்குத் தெரியாது. அவன் வேறு பிரிவு. தீதி தன் டீச்சர் ஹிந்தியில் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். எங்கே போனீர்கள், எத்தனை பேர், என்ன துப்பாக்கி. எல்லாவற்றுக்கும் பெரியவர் தெரியாது தெரியாது என்று சொல்லி, பஜ்ஜித் தட்டையே இவர் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார். கடைசியில் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"அம்மாகிட்ட சொல்லு தம்பி. சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன். உன் முருகன் மேல பண்ணின சத்தியத்தை நீ மீறுவியா?"

"மீற மாட்டேன், ஐயா. போர்க் கதை வேண்டாம். ஒரு தாயத்துக் கதை இருக்கு, அதை மட்டும் கேளுங்க."

சொன்னேன். பெரியவர் பஜ்ஜியைக் கீழே வைத்தார்.

"தாயத்து ஸ்வெட்டர் நடுவுல சும்மா கிடந்துதா, எதிலாவது சுத்தியிருந்துதா? கேளு."

கேட்டேன். "கைக்குட்டையில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது" என்றார் தீதி.

அதற்குப் பிறகு பெரியவர் எனக்காகக் காத்திருக்கவில்லை. தீதியிடமே ஹிந்தியில் பேசினார்.

"கிளம்புகிற அன்றைக்கு உடம்பில் ஒன்றும் இருக்கக் கூடாதம்மா. மோதிரம், பூணூல், தாயத்து, சிலுவை எல்லாம் கழற்றணும். பிடிபட்டால் ஆள் யார் என்று தெரியக் கூடாது. கழற்றச் சொல்கிறவன் என்னை மாதிரி ஸ்டோர்க்காரன். எத்தனை பையன்கள் என்னோடு சண்டை போட்டிருக்கிறான்கள்! ஒருத்தன் என்னை அடிக்கவே வந்தான். வேண்டாத சாமானைப் பெட்டியில் எறிவார்கள். திரும்பி வந்து கட்டிக்கொள்ளப் போகிற சாமானைத்தான் சொந்தக் கைக்குட்டையில் முடிந்து, பூட்ஸ் படாமல் துணிக்கு நடுவில் வைப்பார்கள். உங்கள் தம்பி கழற்றினது உங்கள் கோபத்துக்கு இல்லை. எங்கள் ஆர்டருக்கு."

தீதி அழவில்லை. முந்தானையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடியும் துடைத்தார். அப்புறம், "பஜ்ஜி ஆறிப்போய்விட்டது" என்று சொல்லிவிட்டு ஒன்றை எடுத்துச் சாப்பிட்டார்.

பஸ்ஸில் திரும்பி வந்து லேக் மார்க்கெட்டில் இறங்கும்போது, "அவன் கைக்குட்டையில் முடிச்சு நன்றாகத்தான் போடுவான்" என்றார்.

அடுத்து வந்த பாய்ஃபோட்டாவுக்குப் பெரியவரையும் என்னையும் மாடிக்குக் கூப்பிட்டார். முதலில் வாசல் நிலையில், அவர்கள் வழக்கப்படி இடது கைச் சுண்டுவிரலால், சந்தனப் பொட்டு வைத்தார். அதில் கொஞ்ச நேரம் விரலை எடுக்கவே இல்லை. பிறகு பெரியவருக்கு, பிறகு எனக்கு. உடனே சந்தேஷ் என்கிற பால் இனிப்புத் தட்டை நீட்டினார்.

"சஷ்டி விரதம், தீதி. பாலும் பழமும்தான்."

"இன்றைக்குமா! சரி, உன் அசுரனைக் கொன்றுவிட்டு வா. ஃப்ரிட்ஜில் வைக்கிறேன்."

பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

விரதம் முடிந்து, காப்பை அவிழ்த்துவிட்டு மாடிக்குப் போனேன். நிலையில் பொட்டு காய்ந்து வெளுத்திருந்தது. ஃப்ரிட்ஜில் சந்தேஷும் காய்ந்துதான் போயிருந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டேன்.