ரிசல்ட் வருவதற்குள் ஒரு ஆபரேஷன்

மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் கழித்து ஒரு காலையில் மறுபடி ரத்தம் பட்டது. அக்காவிடம் மட்டும் சொன்னேன். ஊருக்கே சொன்ன மாதிரிதான்.

இலுப்பூரில் பஸ் ஏறி இருவரும் புதுக்கோட்டைக்குப் போனோம். ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் ஏதோ சதை தெரிந்தது. டாக்டரம்மா அதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார். "கேன்சரான்னு பார்த்துக்கிறது நல்லதும்மா. ரிசல்ட் வர பத்து நாளாகும். பெரும்பாலும் சாதாரணமாத்தான் இருக்கும்" என்றார். எங்களுக்குக் கேன்சர் மட்டும்தான் காதில் விழுந்தது.

திரும்பும் பஸ்ஸிலேயே அக்கா முடிவு கட்டிவிட்டாள்.

"எட்டு நாள்ல மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுறாங்க. கட்டிட்டா திருவிழா முடியுற வரைக்கும் ஊரை விட்டு வெளிய தங்கக் கூடாது. அதுக்குள்ள பையையே எடுத்துப் போட்ருவோம்டி. இனி அது எதுக்கு ஒனக்கு? நான் எடுக்கலையா? நல்லாத்தானே இருக்கேன்!"

"ரிசல்ட் வரட்டுமே."

"அதுக்குள்ள பரவிட்டா?"

வேறொரு ஆஸ்பத்திரியில் அவளே நாள் குறித்துவிட்டு வந்தாள். நான் பீரோவைத் திறந்து, எந்தப் பட்டு மகளுக்கு, எது மருமகளுக்கு என்று பிரித்து அடுக்கினேன். அவ்வளவு பயம்.

குறித்த நாளில் அக்கா ஆட்டோவோடு வந்து வாசலில் நின்றாள். நான் ஏறவில்லை. "சாகுறதுன்னா என்னன்னு தெரிஞ்சுக்கிட்டே சாகுறேன், போ!" என்று தெருவே பார்க்கக் கத்திவிட்டேன். அவள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். காப்பும் கட்டியாயிற்று.

ஆனாலும் ரிசல்ட் வந்த அன்று அவள்தான் துணைக்கு வந்தாள். டாக்டரம்மா தாளைப் பிரித்துப் படித்தார்.

"கேன்சர் இல்லம்மா. இதுக்குப் பாலிப்னு பேரு. சாதாரணச் சதைதான், அன்னைக்கே எடுத்தாச்சு. கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. திரும்ப ரத்தம் பட்டா மட்டும் உடனே வாங்க."

அழுகையும் சிரிப்புமாக அக்காவின் கையைப் பிடித்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"எனக்கும் மாசக்கணக்கா ரத்தம் போச்சுங்க. எனக்கும் இதுவாத்தான் இருந்திருக்குமா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டாள்.

"டெஸ்ட் ரிப்போர்ட் இருக்காம்மா?"

"டெஸ்டெல்லாம் பண்ணலைங்க. பயத்துல எடுத்துருங்கன்னு நானே சொல்லிட்டேன்."

"அப்படின்னா இனிமே தெரிஞ்சுக்க வழியில்லம்மா."

அக்கா மெதுவாகத் தலையாட்டினாள்.

"முப்பத்தாறு வயசுங்க எனக்கு அப்ப" என்றாள். "ரெண்டாவதா ஒரு பிள்ளைக்கு ஆசைப்பட்டுக்கிட்டு இருந்தேன்."