மாமனாரைத் தூங்க வைத்த ஞாயிற்றுக்கிழமை

தன் வாசிப்பைக் கேட்டு ஒருவர் தூங்கிவிட்டார் என்றால் எந்த வித்வானுக்கும் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் கோபம் ஆறியதும் அதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தவள் நான் ஒருத்திதான் இருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூரைச் சுற்றியுள்ள கல்யாண மண்டபங்களில் வரவேற்புக்கு வீணை வாசித்துக்கொண்டிருந்தேன். கேட்க ஆள் கிடையாது. நான் கண்ணை மூடி ஆலாபனையில் உருகிக்கொண்டிருப்பேன். என் மைக்கையே வாங்கி, "வெள்ளை அம்பாசிடர் வழியை மறிச்சு நிக்குதுங்க, யாருதுன்னு பாத்துக் கொஞ்சம் எடுத்துருங்க" என்று அறிவிப்பார்கள். பந்தியில் ஊற்றுகிற ரசத்துக்கு இருந்த மரியாதை என் வீணைக்கு இல்லை. அப்படி ஒருநாள் அவிநாசிப் பக்கம் ஒரு மண்டபத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு மேடைக்கே வந்து, "ஏனுங்க்கா, நிறுத்திப்போடாதீங்க. ராவெல்லாம் அழுத கொழந்தைங்க, உங்க சத்தங் கேட்டதும் தூங்கிருச்சுங்க" என்றாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது முதல் பாதி வழி அவளைத் திட்டிக்கொண்டு வந்தேன். மறுபாதியில் அந்தக் குழந்தையின் முகம்தான் நினைவில் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து, வடக்கேயிருந்து ஒரு குரு வந்து நகரத்தில் நாத சிகிச்சை முகாம் நடத்தினார். வெண்கலக் கிண்ணத்தை ஆட்களின் வயிற்றில் வைத்துத் தட்டினார். என் வயிற்றில் வைத்தபோது எனக்குப் பசித்தது. அதுவும் நல்ல அறிகுறி என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் கடைசியில் பாட்டு, ராகம் எதுவும் இல்லாமல் தம்பூராவை மட்டும் மீட்டிக் கேட்கச் சொன்னார். சிறுவயதிலிருந்து தினமும் சுருதி சேர்க்கிறேன். சேர்த்ததும் அதன்மேல் ஏறி ஓடியிருக்கிறேனே தவிர, ஒருநாளும் நின்று அதைக் கேட்டதில்லை. தேம்பித் தேம்பி அழுதேன். "அழுகை வரும், அடக்கக் கூடாது. நாதம் உள்ளே போயிற்று என்பதற்கு அதுதான் அத்தாட்சி" என்று குரு சொன்னார். இந்த ஒரு வாக்கியம் பின்னால் என்னை என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

எங்கள் வீடு பெரியநாயக்கன்பாளையத்தில் மெயின் ரோட்டுமேல் இருந்தது. என் கணவர் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். அது அவருடைய அப்பா ஆரம்பித்த பட்டறை. மாமியார் தவறிய பிறகு மாமா பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு முன்ரூமில் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டார். தூக்கம்தான் வரவில்லை. அப்பாவும் மகனும் நேராகப் பேசிக்கொள்வது நின்றுபோய் வெகுநாளாயிற்று. "உங்க மாமாகிட்டச் சொல்லிப்போடு" என்பார் இவர். "அவங்கிட்டச் சொல்லிப்போடு அம்மணி" என்பார் அவர். நடுவில் நான் ஓடிக்கொண்டிருப்பேன்.

அந்த முன்ரூமில் எஸ்.டி.டி. பூத் வைக்கவேண்டும் என்பது என் கணவரின் கனவு. அதில் நாத சிகிச்சை வகுப்பு வைக்கவேண்டும் என்பது என் கனவு. இரண்டு பேரும் மாமாவிடம் போய் நின்றோம். அவர் என்னைப் பார்த்து, "என்னைத் தூங்க வெச்சுப்போடு அம்மணி, ரூம்பு உனக்கு. வெக்கலீன்னா பூத்து" என்றார். "அந்தக் கிண்ணத்தைத் தட்டித் தூங்க வெக்கறதா? வர்ற தூக்கமும் ஓடிப்போயிரும்" என்று சிரித்த என் கணவர், பெயிண்டரிடம் போர்டுக்கே சொல்லிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த அறை கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் அம்பாசிடருக்கு வழிவிட்டுக்கொண்டேதான் வாசிக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவுக்கும் மகனுக்கும் பூத் விஷயமாக, என்னை நடுவில் வைத்தே ஒரு சண்டை. இவர் வண்டியை உதைத்துக் கிளப்பிப் பட்டறைக்குப் போய்விட்டார். மாமாவைச் சமாதானப்படுத்த இதுதான் சமயம் என்று நான் ஏற்பாட்டில் இறங்கினேன். முகாமில் சொல்லிக்கொடுத்தபடி கட்டிலை ஓரங்கட்டி, தரையில் பாய் விரித்து, தலை தெற்கே இருக்கும்படி மாமாவை மல்லாக்கப் படுக்க வைத்தேன். தலைமாட்டில் குத்துவிளக்கு. அதன் பக்கத்தில் கொத்தாக ஊதுபத்தி. காற்றுக்கு வாசற்கதவைத் திறந்து வைத்தேன். எதிர் பேக்கரியிலிருந்து ஈ வந்து முகத்தில் மொய்த்ததால், மாமா தன் வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்துத் தலைவரை போர்த்திக்கொண்டார். நான் பக்கத்தில் சம்மணமிட்டுத் தம்பூராவை மடியில் சாய்த்துக் கண்ணை மூடினேன். ஊதுபத்திப் புகையில் கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது.

இதைப் பேக்கரிக்காரர் தன் கல்லாவிலிருந்து பார்த்திருக்கிறார்.

வேறு ஊராக இருந்தால் உள்ளே வந்து, "என்னாச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மரியாதை அதிகம். அழுதுகொண்டிருக்கும் பொம்பளையிடம் போய் எதையாவது கேட்டு மனசைச் சங்கடப்படுத்துவதா? அவர் கேட்கவில்லை. கடையிலிருந்த பெஞ்சுகளைச் சத்தமில்லாமல் தூக்கிவந்து எங்கள் வாசலில் போட்டார். சாமியானாவுக்கு ஆள் அனுப்பினார். தெருமுனை பூத்துக்குப் போய் மேட்டுப்பாளையத்தில் இருக்கும் மாமாவின் தங்கைக்கும், பட்டறைக்கும் தகவல் சொன்னார். பெஞ்சைப் பார்த்துத் தெரு வந்தது. தெருவும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

நான் கண்ணைத் திறந்தபோது அறை நிறைய ஆட்கள். ஆம்பளைகள் துண்டைக் கையில் எடுத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார்கள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தார்கள். எனக்கு மெய்சிலிர்த்தது. அழைக்காமலே இத்தனை பேர்! நாதத்தைக் கேட்டுத் தானாக வந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் அழுகை வந்துவிட்டது! பக்கத்து வீட்டு அக்கா என் தோளைக் கட்டிக்கொண்டு விசும்பினாள். அவள் முதுகைத் தடவி, "அழுங்க்கா, அடக்காதீங்க. அழுதா நல்லதுங்க" என்றேன். பொம்பளைக்கு எவ்வளவு தைரியம் என்று அவள் இன்னும் அதிகமாக அழுதாள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரியை ஆரம்பித்தார்கள். ஒப்பாரி என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. ஏனென்றால் அவர்கள் குரல் என் தம்பூராவின் பஞ்சமத்தில் அப்படியே வந்து உட்கார்ந்தது. மண்டபம் மண்டபமாக வாசித்தும் கிடைக்காத சுருதி சுத்தம் அது. ஆனந்தத்தில் இன்னும் பலமாக மீட்டினேன்.

அப்போது வாசலில் மேட்டுப்பாளையத்து அத்தை பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தார். "எங்களையெல்லாம் உட்டுப்போட்டுப் போயிட்டீங்களேண்ணா!" என்று மாமாவின் கால்மாட்டில் விழுந்தார்.

என் கை நின்றது. விளக்கைப் பார்த்தேன், பாயைப் பார்த்தேன், வேட்டியைப் பார்த்தேன். வாசலில் சாமியானாவுக்குக் கம்பி நட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாம் புரிந்தது. "ஐயோ, மாமா சும்மா படுத்திருக்காருங்க" என்று சொல்ல வாயைத் திறந்தவள் வேட்டியை இன்னொரு தரம் பார்த்தேன். அது அசையவே இல்லை. இத்தனை கூச்சலில் தூக்கமே வராத மனுஷன் எப்படி அசையாமல் இருப்பார்? தூங்க வைக்கிறேன் என்று ஒரேயடியாக அனுப்பிவைத்துவிட்டேனா? வேட்டியை விலக்கிப் பார்க்க எனக்கும் தைரியம் வரவில்லை. நிஜமாகவே அழ ஆரம்பித்தேன். அந்த நிமிஷம் என் வகுப்பும் வேண்டாம், வீணையும் வேண்டாம், அவர் எழுந்து என்னைத் திட்டினால் போதும் என்றிருந்தது.

ஒரு மோட்டாரைப் பார்க்க வெளியே போயிருந்த என் கணவருக்கு அப்போதுதான் தகவல் கிடைத்திருக்கிறது. வண்டியை நிறுத்தக்கூட இல்லை. ரோட்டிலேயே போட்டுவிட்டு வந்தார். கையெல்லாம் காயிலுக்குப் பூசும் வார்னிஷ். அப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டு, அவரிடமே நேராகப் பேசினார். "அப்பா, காலைல பேசுனதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்கப்பா. எனக்குப் பூத்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ரூம்பு அவளே வெச்சுக்கட்டும். எந்திரிங்கப்பா, ஒருக்கா எந்திரிங்கப்பா" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினார். அவர் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை.

வேட்டிக்குள்ளிருந்து ஒரு இருமல் வந்தது. மாமா எழுந்து உட்கார்ந்தார்.

பேக்கரிக்காரர் டீத் தட்டோடு ரோட்டைத் தாண்டித் தன் கடைக்கே ஓடிவிட்டார். ஒப்பாரி பாதி வரியில் நின்றது. "எல்லாருங் கேட்டுக்கிட்டீங்கல்லங்க?" என்றார் மாமா. "ரூம்பு அம்மணிக்குன்னு அவன் வாயாலயே சொல்லிப்போட்டான்." அத்தை கால்மாட்டிலிருந்தபடியே அண்ணன் முழங்காலில் நாலு அடி போட்டார். என் கணவர் கண்ணைத் துடைத்தார், வார்னிஷ் முகமெல்லாம் ஆயிற்று. சுற்றும் முற்றும் பார்த்தார். என்னிடம், "எல்லாப் போனும் அந்தத் தெருமுனைப் பூத்துலதான் பண்ணியிருக்காங்க, பாத்தியா? நம்மூட்டுல இருந்திருந்தா..." என்றார்.

வந்தவர்கள் உடனே போய்விடவில்லை. வந்துபோட்டு ஒன்றும் சாப்பிடாமல் போவது மரியாதை இல்லையே. சாமியானா நிழலில் எல்லாரும் டீயும் பன்னும் சாப்பிட்டார்கள். நான் மாமாவிடம் மெதுவாக, "நல்லாத் தூங்கிட்டீங்களாங்க மாமா?" என்றேன். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"ஒரு பொட்டுக்கூடத் தூங்கல அம்மணி. கதவுகிட்டப் பெஞ்சு போட்டதிலிருந்து எல்லாங் கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

பேச்சுப்படி நான் தோற்றுவிட்டேன். "அப்புறம் ஏனுங்க மாமா அப்பவே எந்திரிக்கல?"

"அவன் வருவானான்னு பாத்தேன்" என்றார். மீதி டீயை என் கையில் கொடுத்தார். "ரூம்பு உன்னுதுதான் கண்ணு. எனக்கு இப்பத்தான் தூக்கம் கண்ணைக் கட்டுது."

நான் தம்பூராவைத் தொடவில்லை. அவர் அதே பாயில் ஒருக்களித்துப் படுத்தார். படுத்ததும் குறட்டை வந்தது. அத்தையும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என் கணவர் முகத்தைக்கூடக் கழுவாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்து துண்டால் ஈ ஓட்டினார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. குறட்டை மூச்சு வாங்க ஒரு நொடி நின்றது.

"அப்பா! அப்பா!" என்று இவர் உலுக்கினார்.

மாமா திடுக்கிட்டு முழித்தார். "என்றா ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்கப்பா. சும்மாதானுங்க. தூங்குங்க."

மறுபடி குறட்டை. மறுபடி ஒரு நொடி நின்றது. மறுபடி, "அப்பா!"

பொழுது சாயும் வரை இப்படியேதான் நடந்தது. நான் எழுந்துபோகச் சொல்லியும் இவர் நகரவில்லை. ஒவ்வொரு தரமும் மாமா முழித்து மகன் முகத்தைப் பார்த்தார். திட்டவே இல்லை. கடைசியில் மகன் கையை இழுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, "இங்கியே வெச்சுக்க சாமி. நின்னுபோச்சுன்னா உனக்கே தெரியும். இப்பத் தூங்க உடு" என்றார்.