பகையை ஓரம் வைத்த காலை

மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது இது. காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனதும் நான்தான், கல்லூரிக்குப் போனதும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

அப்போது முகாமில் பையன்கள் இரண்டு செட்டாகப் பிரிந்து கிடந்தார்கள். பகலில் பெயின்ட் அடிக்கும் வேலை, சாயந்திரமானால் அடிதடி. குழாயடியில் ஒருநாள் ஒருவனின் மண்டை உடைந்தது. பெரியவர்கள் சொல்லச் சொல்ல, புகார் மனு எழுதிக் கொடுத்தவள் நான். இரண்டு செட்டுத் தலைவர்களின் பெயர்களும் அதில் இருந்தன. போலீஸ் இருவரையும் அழைத்துப் போய் விசாரித்தது. அதன்பின் அவர்களைக் கண்டாலே, இந்த அடிதடிக்காரர்களோடு எனக்கென்ன பேச்சு என்று வேறு சந்தில் திரும்பிவிடுவேன்.

என் கடைசிப் பரீட்சை அன்று காலை, முகாமில் திடீரென்று ஆள் கணக்கெடுக்கும் செக்கிங் என்றார்கள். அதிகாரி பதிவேட்டோடு உட்கார்ந்து வீட்டு எண்படி கூப்பிடுவார். நேரில் நின்று கையெழுத்துப் போடாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்; திரும்பச் சேர்க்க மாதக்கணக்கில் அலைய வேண்டும். எங்கள் வீடோ கடைசி வரிசை. கல்லூரிக்குப் போகும் பள்ளத்தூர் பஸ்ஸுக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. ஹால் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

ஒரு செட்டின் தலைவன் அதைப் பார்த்து, அம்மாவிடம் விஷயத்தைக் கேட்டான். பிறகு, ஒரு வருடமாக முகம் பார்க்காத, முன் வரிசை வீடுகளில் இருந்த மற்றத் தலைவனிடம் நேராகப் போனான். சண்டைதான் என்று எல்லோரும் விலகினார்கள்.

"உன்ர லைன் ஆக்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு. இவளுக்கு இண்டைக்குக் கடைசிச் சோதினை."

மற்றவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஆர், எங்களுக்கு எதிரா மனு எழுதினவளோ?"

"ஓம். ஒரு பிழையில்லாமல் எழுதினவள். பாஸாகிடுவாள்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

இரண்டு செட்டும் வீடு வீடாகக் கேட்டு, என்னை வரிசையின் முன்னால் நிறுத்தின.

"ஏப்பா, என்ன கூட்டம் இங்குட்டு? நம்பர்படி வாங்கப்பா" என்று அதட்டிய அதிகாரி, என்னைத் தவிர ஒருவரும் முன்னால் வராததைப் பார்த்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். கையெழுத்துப் போட்டேன். வெளியே மற்றத் தலைவன் பைக்கை உதைத்துக்கொண்டு நின்றான்.

"ஏறு. விழுந்தால் அதுக்கும் ஒரு மனு எழுதிப்போடாத."

பஸ் கிடைத்தது. பாஸும் ஆனேன். அவர்கள் அதற்குப்பின் சண்டையே போடவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்காகத் தங்கள் பகையை ஓரம் வைக்க அவர்களுக்கு ஒரு நிமிடம்தான் ஆனது. அவர்கள்மேல் எனக்கிருந்த இளக்காரத்தை இறக்கிவைக்க, படித்தவளான எனக்கு அதைவிட அதிக நாள் பிடித்தது என்பது இன்றும் மனதில் உறுத்துகிறது.