அம்மா வந்த கப்பல்

நெய்யில் ரவை வறுபடும் வாசனையும் ரயில் எஞ்சினின் கரிப்புகையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் இன்றும் என் காது மடல் சூடாகிவிடும். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே "கோட்டர்ஸில்" நாங்கள் குடியிருந்த காலத்தில், என் அக்காவைப் பெண் பார்க்கக் கிள்ளானிலிருந்து ஆட்கள் வந்த ஞாயிற்றுக்கிழமையின் வாசனை அது.

அப்போது எனக்குப் பத்து வயது. பள்ளியில் புதிதாகச் சரித்திரப் பாடம் தொடங்கியிருந்தது. "நடந்தது ஒண்ணுதான், சொல்றதும் ஒண்ணாத்தான் இருக்கணும்" என்று வாத்தியார் மேசையைத் தட்டிச் சொன்னதை வேதமாக எடுத்துக்கொண்டு, வீட்டில் யார் எதைச் சொன்னாலும் திருத்துகிற உத்தியோகத்தைச் சம்பளமில்லாமல் ஏற்றிருந்தேன்.

அதிகம் மாட்டிக்கொண்டவர் அம்மா. சிறுமியாகக் கப்பலேறி வந்த கதையை அவர் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார். நாங்கள் சோறு வேண்டாமென்று அடம்பிடித்தால், கப்பலின் அடித்தட்டில் புழுவைப் பொறுக்கிவிட்டுச் சோறு தின்றது வரும். பலகாரம் விற்க வரும் மலாய்க்கார அம்மாளுக்கு, வழியெல்லாம் வாந்தியெடுத்ததைக் கையாலேயே நடித்துக் காட்டுவார். பக்கத்து வீட்டு அத்தையிடமோ, புயலிலும் தான் ஒருத்தி மட்டும் அழவில்லை என்பார். மழை கொட்டிய ஒரு மதியம் எங்களிடம் மட்டும், ரப்பர்த் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி தலையை எண்ணிக் கப்பலேற்றியதையும், இறங்கியதும் நோய்த்தடுப்பு முகாமில் மருந்துத் தண்ணீரைத் தலையோடு ஊற்றியதையும் சொல்லியிருந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா தோட்டத்துக் கிராணி. கூலியாட்களின் பெயரை ஏட்டில் பதிகிற பெரிய மனிதர். அக்காவை அவர்களுக்குப் பிடித்துவிட்டது. கேசரியை விழுங்கிக்கொண்டே கிராணி சாவகாசமாகக் கேட்டார்: "நீங்க எப்படிம்மா இந்தப் பக்கம் வந்தீங்க?"

"எங்கப்பா யாவாரத்துக்கு வந்தாருங்க. சொந்தக் காசுல டிக்கெட் எடுத்து, மேல்தட்டுல வந்தோம்" என்றார் அம்மா, முந்தானையைச் சரிசெய்தபடி.

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்லம்மா! கங்காணிதான் கூட்டியாந்தாருன்னு நீதானே சொன்னே! பால்மரம் வெட்டத்தானே வந்தே?"

கிராணியின் வாயில் கேசரி அப்படியே நின்றது. அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் என் மண்டைக்கு ஏதோ எட்டியது. நிலைமையைச் சீர்செய்கிறேன் என்று, "அது இந்த அம்மா இல்லீங்க, வேற அம்மா!" என்று கத்தினேன். அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்ற புதுச் சரித்திரத்தையும் அதே மூச்சில் படைத்துவிட்டு, பின்பக்கம் ஓடிக் கோழிக்கூட்டுக்குள் புகுந்துகொண்டேன். கோழிகளுக்குக்கூட என்னைச் சேர்த்துக்கொள்ள இஷ்டமில்லை.

"சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்து போனவர்கள் சொல்லி அனுப்பவேயில்லை.

அம்மா என்னை அடிக்கவில்லை. கூட்டிலிருந்து வெளியே இழுத்து, தலையில் ஒட்டியிருந்த இறகைத் தட்டிவிட்டு, "இனிமே ஒண்ணும் தப்பாச் சொல்ல மாட்டேன்டா" என்றார். அன்றோடு சரி. அதன் பிறகு யார் கேட்டாலும், நானே கெஞ்சிக் கேட்டாலும், "கப்பல்ல வந்தோம், எறங்கினோம்" என்பதோடு முடித்துக்கொள்வார். எப்போது கேட்டாலும் ஒரே மாதிரி, ஒரு சொல் மாறாமல்.

அக்கா பிறகு பந்திங்கில் ஒரு பஸ் கண்டக்டருக்கு வாழ்க்கைப்பட்டு நன்றாகவே இருக்கிறாள். விசேஷங்களில் இந்தக் கதையை அவள்தான் எடுத்துவிடுவாள். "இவன் மட்டும் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, நான் கிராணி வீட்டுல பொங்கிக் கொட்டிக்கிட்டுக் கெடந்திருப்பேன்லா!" அவள் சொல்லச் சொல்லக் கோழிகள் பெருகும், கிராணி நாற்காலியோடு சாய்வார், அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அன்றைக்கு அம்மா சிரிக்கவேயில்லை. நான் திருத்துவதில்லை, எனக்கும் அந்தச் சிரிப்பு வேண்டியிருக்கிறது.

அம்மா இப்போது இல்லை. அன்றைக்கு முந்தானைக்குள் மறைத்ததை இன்றைய பிள்ளைகள் நெஞ்சை நிமிர்த்தி மேடையில் சொல்கிறார்கள். போன மாதம் அக்காவின் மகள் என்னிடம் வந்தாள்.

"மாமா, பாட்டி கங்காணியோட வந்த கதையத்தான் ஸ்கூல்ல பேசப்போறேன். எந்த ஊர்லேருந்து வந்தாங்க? கப்பல்ல பயந்தாங்களா?"

எந்த ஊர் என்று நான் கேட்டதேயில்லை. அவர் பயந்தாரா என்பதற்கும், இது பொய், அது மெய் என்று பிரிப்பதிலேயே குறியாக இருந்த எனக்குப் பதில் தெரியவில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

மாமா எதைச் சொன்னாலும் பின்னாலேயே ஏதாவது வேடிக்கை வரும் என்று எண்ணி, சிரிக்கத் தயாராக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.