இரண்டாவது பிரேக்

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்கு பிரேக் டீச்சர் என்று பெயர். கற்றுக்கொள்ள வருகிறவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே அவளுடைய பாதி ஆயுள் போயிற்று. அந்த இருக்கைக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில், கூடுதலாக ஒரு பிரேக் பெடல் உண்டு. ஓட்டுகிறவரின் பெடலோடு அதை ஓர் இரும்புக் கம்பியால் இணைத்திருப்பார்கள். இங்கே மிதித்தால் அங்கேயும் பெடல் உள்ளே இறங்கும்.

மற்ற வாத்தியார்கள் வண்டிக்குள் கத்துவார்கள், ஸ்டீயரிங்கைப் பிடுங்குவார்கள், ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார்கள். அவள் வாயே திறக்கமாட்டாள். கத்தினால் ஓட்டுகிறவரின் கை நடுங்கும் என்பது அவள் கட்சி. கால் மட்டும் வேலை செய்யும், அதுவும் கடைசி நொடியில்தான். "ஒரு தடவையாவது ஈரக்குலை நடுங்கணும். அப்பதான் பிரேக் எங்க இருக்குன்னு காலுக்குத் தெரியும்" என்பாள். அவளிடம் கற்றவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது நடுங்கியிருக்கிறார்கள், ஒரே ஓர் ஆளைத் தவிர. அது அவளுடைய கணவன்.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். நாள் முழுக்க ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை விளக்கில் காட்டிக் காட்டிப் பார்க்கிற வேலை. எதிலும் நிதானம். சாலையைக் கடக்க நின்றால் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அக்கரை போய்ச் சேர்ந்த பிறகுதான் இவன் கால் எடுத்து வைப்பான். வண்டி என்றாலே ஒதுங்கிப் போகிறவன், தானாக வந்து "எனக்கும் கத்துக் குடு" என்று கேட்டதற்குக் காரணம் இருந்தது. முதல் கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில் அவளுக்கு வலியெடுத்தபோது வீட்டில் வண்டி இல்லை. வாடகை வண்டிக்காரர் "இதோ வந்துட்டேன் சார்", "திரும்பிட்டேன் சார்" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது டாக்டர், "கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, மிச்சத்தைச் சொல்லாமல் விட்டார். சொல்லாமல் விட்ட அந்த மிச்சம்தான் அவனை ஸ்டீயரிங் முன்னால் உட்கார வைத்தது.

அவளே கற்றுக்கொடுத்தாள். அங்கேதான் தப்பு நடந்தது. நாற்சந்தி நெருங்கும்போது அவன் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்ப்பாள். ஏற்கெனவே ஒருமுறை நடுங்கிப்போன மனுஷனை மறுபடி நடுங்க வைக்க மனம் வராது. அவன் மிதிப்பதற்கு முன்பே அவள் கால் மெதுவாக இறங்கிவிடும். அவன் பாதம் பெடலின் மேல் சும்மா படுத்திருக்கும். அடியில் பெடல் தானாக அமிழும். தானே மிதித்ததாக நினைத்துக்கொள்வான்.

"எப்படி? வெண்ணெய் மாதிரி நின்னுச்சு பாத்தியா?" என்பான்.

"ம்."

ஓட்டுநர் தேர்வு ஆளில்லாத மைதானத்தில், ஸ்கூல் வண்டியிலேயே, அவள் பக்கத்தில் இருக்க, ஆமை வேகத்தில் நடந்தது. தேறிவிட்டான். கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தான்.

இப்போது அவள் மறுபடி கர்ப்பம், ஏழு மாதம் முடிந்து எட்டு. வயிறு ஸ்டீயரிங்கில் இடிக்க ஆரம்பித்ததும், இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடோ பஸ் வந்து திரும்பும் கடைசி நிறுத்தத்தில். இந்த முறை வாசலில் சொந்த வண்டி நிற்க வேண்டும் என்று இருவரும் முடிவெடுத்தார்கள். வண்டி வந்துவிடும். ஓட்டப் போகிறவன் இதுவரை ஒரு வண்டியைக்கூடத் தானாக நிறுத்தியதில்லை என்பது அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியும். சொல்லிவிடலாம் என்று ஒருநாள் அவனருகே போனாள். அவன் தரையில் மண்டியிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த ஸ்கேலால், குழந்தையை உட்கார வைக்கும் இருக்கைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று அட்டைப் பெட்டியில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். பேசாமல் திரும்பி வந்துவிட்டாள்.

கார் ஷோரூமுக்கு அவனுடைய தங்கையும் தொற்றிக்கொண்டாள். வாய் ஓயாதவள். "அத்தை ஆகப்போறவங்க வந்து பாத்தாதான் வண்டி ராசியா இருக்கும்" என்று தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு வந்தாள்.

விற்பனைக்காரன் முதல் வண்டியின் கதவைத் திறந்தான். "மேடம், இதுல ஹேண்ட் பிரேக்கே கிடையாது. பட்டன்தான். ஒரு விரல்ல தொட்டா போதும்."

"அந்த பட்டன் எங்க இருக்கு?"

"ஓட்டுறவங்க கைக்குப் பக்கத்துல மேடம். அவங்களுக்கு மட்டும்."

"அடுத்த வண்டியைக் காட்டுங்க."

அடுத்ததில் பின்பக்கம் தாராளமாக இருந்தது. தள்ளுவண்டியை மடிக்காமலேயே டிக்கியில் வைக்கலாம். அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஹேண்ட் பிரேக்?" என்றாள். அதிலும் பட்டன். மூன்றாவது, இருப்பதிலேயே சின்னது, சாம்பல் நிறம். இரண்டு இருக்கைக்கும் நடுவே பழைய பாணியில் இழுக்கிற லீவர். அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்தாள். எட்டியது.

"அண்ணி, நீங்க பாக்க வந்தது வண்டியா, அந்தக் குச்சியா?" என்றாள் நாத்தனார்.

"கலர் கூட கேக்கலையே நீ" என்றான் கணவன்.

"கலரா பிள்ளையைச் சுமக்கப் போகுது? இதை ஓட்டிப் பாருங்க."

கையெட்டும் தூரத்தில் லீவர் இருந்தால் போதும், கடைசி நொடியில் இழுத்துவிடலாம். இதுதான் அவள் போட்ட கணக்கு. விற்பனைக்காரன் வண்டியைச் சாலைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நாத்தனாரோடு பின்னால் ஏறிக்கொண்டான். கணவன் இருக்கையைச் சரிசெய்தான், கண்ணாடியைச் சரிசெய்தான், தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டான்.

"அண்ணே, வண்டி கிளம்புறதுக்குள்ள பிள்ளை ஸ்கூலுக்கே போயிடும்."

"சும்மா இரு."

வண்டி கிளம்பியது. சமதளத்தில் அழகாகத்தான் ஓட்டினான். கியர் மாற்றியது அவள் சொல்லிக்கொடுத்தபடியே இருந்தது. பெட்ரோல் பங்க்கைத் தாண்டியதும் சாலை சரிந்து இறங்கியது. இறக்கத்தின் அடியில், குறுக்கே, பஸ்கள் போகிற பெரிய சாலை. வண்டி வேகம் பிடித்தது. அவன் பதறவில்லை. வலது பாதத்தை எடுத்து பிரேக்கின் மேல் வைத்தான். வைத்துவிட்டு, எப்போதும் போல அது இறங்கும் என்று காத்திருந்தான்.

அவள் மிதித்தாள்.

காலுக்கடியில் தரையில் விரித்த ரப்பர் மிதியடி மட்டும். மறுபடி மிதித்தாள், செருப்பு கழன்றது. லீவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதைப் பார்த்துத்தான் இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தாள். அந்த நிமிடம் அப்படி ஒன்று இருப்பதே அவளுக்கு நினைவில் இல்லை. உடம்பு முழுவதும் அந்த ஒரு காலில் போய் நின்றது. வலப்பக்கமிருந்து ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது.

"மிதிங்க!"

வண்டிக்குள் அவள் கத்தியது அதுதான் முதல் தடவை. அந்தச் சத்தத்தில் அவன் எழுந்து நிற்பதுபோல் மிதித்தான். எல்லோரும் முன்னால் போய் விழுந்து திரும்பினார்கள். வண்டியின் மூக்கு பெரிய சாலைக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. பஸ் ஹாரனை அமுக்கியபடி ஒதுங்கிப் போயிற்று. ஜன்னலிலிருந்து யாரோ எதையோ சொல்லித் திட்டினார்கள்.

அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஒரு உதை. மூச்சை விட்டாள்.

"அண்ணே, நான் இறங்கி நடந்து வரட்டுமா?" என்றாள் நாத்தனார். "எனக்கு நடக்கறதுன்னா ரொம்பப் பிடிக்கும்."

அவன் வண்டியைப் பின்னால் எடுத்து ஓரமாக நிறுத்தினான். "பிரேக் பிடிக்கலையே" என்றான்.

"சார், புது வண்டி சார். நல்லா மிதிச்சுப் பாருங்க."

மிதித்துப் பார்த்தான். இறங்கியது. விட்டுவிட்டு, பாதத்தைச் சும்மா மேலே வைத்தான். இறங்கவில்லை. லென்ஸில் கீறல் தேடுகிறவனைப் போல இதையே திரும்பத் திரும்பச் செய்தான். பிறகு அவன் பார்வை மெதுவாகப் பக்கத்து இருக்கைக்கு வந்தது. செருப்பில்லாத அவள் பாதம் இன்னும் மிதியடியை அழுத்திக்கொண்டிருந்தது.

"அங்க ஒண்ணும் இல்லையே."

"இல்ல."

"ஸ்கூல் வண்டில இருக்கும்."

"ம்."

"எத்தனை தடவை?"

அவள் கழன்ற செருப்பைக் காலால் துழாவினாள்.

"எல்லாத் தடவையுமா?"

"எல்லாத் தடவையும்."

அவன் கதவைத் திறந்து இறங்கி, சாலையோரச் சுவர் ஒன்றில் சாய்ந்து நின்றான். அவளும் கஷ்டப்பட்டு இறங்கி அவன் எதிரே போய் நின்றாள்.

"சொல்லியிருக்கலாம்ல? கடையில ஊரைக் கூட்டி டீ வாங்கிக் குடுத்தேன்."

"நீங்க பயப்படுறத என்னால பாக்க முடியல."

"இப்ப பாத்தியா? திருப்தியா? உன்னையும் பிள்ளையையும் பஸ்ஸுக்குக் கீழ கொண்டு விட்டிருப்பேன். நீயே ஓட்டு. என்னால ஆகாது."

ஓட்டலாம். இருக்கையைப் பின்னால் தள்ளிக்கொண்டால் ஸ்டீயரிங் எட்டும். ஆனால் இன்றைக்கு அவள் ஓட்டினால், அவன் இனி என்றைக்கும் அந்த இருக்கையில் உட்காரமாட்டான் என்பது அவளுக்குத் தெரிந்தது. இப்படி இறங்கிப் போன எத்தனை பேரை அவள் பார்த்திருக்கிறாள்.

"நான் ஓட்டமாட்டேன்."

"நான் வேணா ஓட்டட்டுமா மேடம்?" என்று விற்பனைக்காரன் ஜன்னல் வழியாகக் கேட்டான்.

"வலி வந்தா உங்களையா தம்பி கூப்பிட முடியும்? நீங்க முன்னாடி போய் உக்காருங்க. லீவர்ல கை வைக்கக் கூடாது." கணவனிடம் திரும்பினாள். "நான் பின்னாடி உக்காந்துக்கிறேன். அங்கேருந்து என் கால் எதுக்கும் உதவாது. உங்களுக்குத்தான் பிரேக். உங்களுக்கு மட்டும்தான்."

"பயமா இல்லையா உனக்கு?"

"இருக்கு. ஏறுங்க."

திரும்பி வந்த வழி நீளமாகத் தெரிந்தது. பின்னாலிருந்து பார்க்க அவளுக்கு அவனுடைய ஒரு காதும் பிடரியும்தான் கிடைத்தன. பிடரி வியர்த்திருந்தது. ஆள் வருவதற்கு முன்பே மிதித்தான், வேகத்தடை தெரிந்ததுமே மிதித்தான். ஒவ்வொரு தடவையும் தலை போய் முன் இருக்கையில் முட்டியது. நாத்தனார் அவள் கையை நசுக்கிப் பிடித்திருந்தாள். ஷோரூம் வாசலுக்கு வெகு தூரம் முன்பே வண்டி உதறிக்கொண்டு நின்றது.

"சார், இன்னும் கொஞ்சம் முன்னாடி போலாம்."

"போதும்" என்றான் அவன். "நான்தானே நிறுத்தினேன்?"

"நீங்கதான்" என்றாள் பின்னாலிருந்து.

உள்ளே போனதும் விற்பனைக்காரன் தயங்கித் தயங்கி, பின்பக்கம் விசாலமான வண்டியை மறுபடி காட்டட்டுமா என்று கேட்டான். கணவன் வேண்டாம் என்றான். "இதையே எடுத்துக்கறோம். நான் நிறுத்தின வண்டி இது ஒண்ணுதான்."

அதற்குப் பிறகு தினமும் கடையிலிருந்து வந்ததும், சட்டைகூட மாற்றாமல், அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அதே இறக்கத்துக்குப் போவான். இறங்குவான், நிறுத்துவான், சுற்றிக்கொண்டு மறுபடி வருவான்.

வலி ஒரு பகல்வேளையில் வந்தது. பெட்ரோல் பங்க்கைத் தாண்டும்போது வலி உச்சத்துக்குப் போக, அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வண்டி சரிந்து இறங்குவது தெரிந்தது. கால் தரையை ஊன்றிக்கொண்டது. அடுத்து என்ன நடந்தது என்றே தெரியவில்லை. இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடிப்பதுதான் கேட்டது.

"நின்னுடுச்சா?"

"நின்னாச்சு."

சாயங்காலம் பெண் பிறந்தது. அழுத சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. அவன் அங்கே சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

பிறகும் அவள் ஸ்கூலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். முடிந்தவரைக்கும் போனாள். அவன் ஓட்டும்போது மட்டும் கடைசிவரை பின்னால்தான் உட்கார்ந்தாள், முதலில் மகளோடு, மகள் முன்னிருக்கைக்குப் போன பிறகு தனியாக. அவள் மறைந்த பிறகும் அந்தச் சாம்பல் வண்டி ஓடுகிறது. சமீபத்தில் சர்வீஸுக்கு விட்டபோது, மிதியடிகள் நைந்துவிட்டன, எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்றார் மெக்கானிக். பின்பக்கம் அவள் உட்காரும் இடத்து மிதியடியில் குதிகால் அளவுக்கு ஓட்டையே விழுந்திருந்தது.

"மத்ததை மாத்திடுங்க" என்றான் அவன். "அது இருக்கட்டும்."