அந்த வீட்டில் அம்மா எங்கே

வேங்கிக்காலில் எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். பாஸ்டரம்மா நடத்துவார். புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு திரும்பி வந்த பிறகு நானும் அம்மாவோடு போக ஆரம்பித்தேன். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று வீட்டுக்கே வந்து கேட்பார்கள். அதற்குப் போய்த் தொலைவதே மேல்.

அடுத்த வாரம் பெண்கள் ஞாயிறு. அன்று மட்டும் சபையில் ஒரு பெண் பிரசங்கம் செய்வாள். எனக்கு வாய் ஜாஸ்தி என்று எல்லோருக்கும் தெரியுமாதலால் அதை என் தலையில் கட்டிவிட்டார்கள். யாரும் பிரசங்கிக்காத ஒரு பெண்ணின் கதையை அவள் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டும் என்றார் பாஸ்டரம்மா. பைபிளில் நியாயாதிபதிகள் புத்தகத்தில் வரும் லேவியன் என்கிற கோயில் ஊழியக்காரனின் மனைவி கதையை அவரே எடுத்துக் கொடுத்தார். எத்தனையோ பேர் இருக்க இவளைத்தானா எடுக்க வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்தப் பெண் புருஷனை விட்டு அப்பா வீட்டுக்கு வந்துவிடுகிறாள். சில மாதம் கழித்து அவன் நயமாகப் பேசி அழைத்துப்போக வருகிறான். மருமகனைப் பார்த்ததும் மாமனாருக்கு வாயெல்லாம் பல். சாப்பிடு, தங்கு, நாளைக்குப் போகலாம் என்று விருந்து நீள்கிறது. ஒருவழியாகப் பொழுது சாயும் நேரத்தில் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறான். வழியில் தங்கிய ஊரில் முரடர்கள் வந்து, அவனை வெளியே அனுப்பச் சொல்லிக் கதவை இடிக்கிறார்கள். அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவளைப் பிடித்து வெளியே தள்ளுகிறான். ராத்திரி முழுக்க அவளைச் சீரழிக்கிறார்கள். விடிந்தபோது அவள் வாசற்படியில் கையை வைத்தபடி கிடக்கிறாள். எழுந்திரு போகலாம் என்கிறான். அவள் உயிர் போயிருந்தது. அந்த அதிகாரம் முழுக்க அவள் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை.

படித்து முடிக்கும்போது என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. வேலூர் வீட்டுச் சமையலறையில் என் புருஷன் அழுத்திய இடம். அம்மாவிடம் மட்டும் காட்டியிருந்தேன். அப்பாவிடம் சொல்லப் பார்த்தபோது, நாலு சண்டை வராத குடும்பம் உண்டா என்று பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு அக்கா அன்று கூட்டத்தில் கேட்டாள். “அப்பா விருந்து வெச்சாரு, சரி. அந்த வீட்ல அம்மா எங்க? சமைச்சது யாரு?”

எல்லோரும் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தோம். அம்மா என்று ஒருத்தி அதில் இல்லவே இல்லை. செத்துப் போயிருப்பாள் என்றார் ஒருவர். இருந்திருப்பாள், யார் கேட்டார்கள் என்றார் இன்னொருவர். என் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். அவள் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை.

மறுநாள் மத்தியானம் என் புருஷன் வந்தான். ஆப்பிள், ஸ்வீட் பாக்ஸ், அப்பாவுக்கு ஒரு சட்டை. கத்துகிற மனுஷனிடம் எனக்கு இவ்வளவு பயம் கிடையாது. இவன் மெதுவாகப் பேசுவான். கழுத்தில் கை வைத்த அன்றும் மெதுவாகத்தான் பேசினான்.

“தப்புதான் மாமா. இனிமே அப்படி நடக்காது” என்றான். அப்பா உருகிப்போனார். உடனே கறிக்கடைக்குக் கிளம்பினார். சனிக்கிழமை ராத்திரி வரை சமையலறையில் அம்மாவும் நானும் வெங்காயம் நறுக்கினோம், மசாலா அரைத்தோம். கூடத்தில் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் கதைக்குள் என்னை உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று தோன்றியது. அதன் முடிவு எனக்குத் தெரியும், கூடத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

ஞாயிறு காலை எங்கள் சபைக் கோயிலில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அழகாகப் பாடினான். எவ்வளவு நல்ல மருமகன் என்று நாலு பேர் என்னிடமே சொன்னார்கள். மத்தியானம் மறுபடி பிரியாணி. கிளம்பலாம் என்று அவன் எழும்போதெல்லாம் அப்பா உட்கார வைத்தார். காபி வந்தது, பஜ்ஜி வந்தது. அன்று பௌர்ணமி வேறு. வேலூர் ரோட்டில் கிரிவலத்துக்கு வரும் பஸ்கள் வரிசை கட்டியிருந்தன.

“கூட்டம் ஜாஸ்தியா இருக்கு மாப்ள, காலைல போலாமே” என்றார் அப்பா.

“இல்ல மாமா, இருட்டறதுக்குள்ள போய்டறோம்.”

போய்டறோம். என்னை யாரும் கேட்கவில்லை. அப்பா என் பையைத் தூக்கிப்போய் கார் டிக்கியில் வைத்தார். வாசற்படியில் நின்றேன். வரமாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய் ஜாஸ்தி என்று பேர் எடுத்தவளுக்கு ஒரு சொல் வரவில்லை. கை நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் இன்னும் பயந்தேன்.

“வா, போலாம்” என்றான் அவன், மெதுவாக.

அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே என்னைத் தாண்டி வெளியே போனாள். டிக்கியைத் திறந்து பையை எடுத்தாள்.

“அவ வரல” என்றாள்.

“நீ கம்னு உள்ள போ” என்றார் அப்பா.

“போகமாட்டேங்க. அந்தப் பொண்ணோட அம்மா எங்கன்னு வெள்ளிக்கிழமை கேட்டாங்க. எனக்கு ரெண்டு நாளா தூக்கமே இல்ல. அவ இருந்திருப்பா. நம்ம வீட்டுல நான் இருக்கேன் இல்ல?”

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் அந்த அதிகாரத்தைப் படித்தவரில்லை. அம்மா பையை மார்போடு அணைத்தபடி எனக்கும் காருக்கும் நடுவில் நின்றாள்.

அவன் கோபப்படவில்லை. “சரிங்க அத்தை. அடுத்த வாரம் வரேன்” என்று சிரித்தான். கார் தெருமுனை திரும்பும்வரை அம்மா நகரவில்லை. பிறகு உள்ளே வந்து தாழ்ப்பாளைப் போட்டாள், இழுத்துப் பார்த்தாள், மறுபடி இழுத்துப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு மைக் முன்னால் நின்றேன். மூன்றாம் வரிசையில் அம்மா முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் ஒரு அம்மா இருந்தாள் என்று ஆரம்பித்தேன். முடிக்கும்வரை கோயில் கதவைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன்.