கிளாரினெட்டுக்கு முன்னால் கேட்ட மூச்சு

கூட வாசிப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஸ்டெப்னி. சாக்ஸபோன்காரருக்குக் காய்ச்சலா? கூப்பிடு ஸ்டெப்னியை. பியானோகாரர் கோபித்துக்கொண்டு போய்விட்டாரா? ஸ்டெப்னிதான் இருக்கிறாரே! புல்லாங்குழல், டிரம்ஸ், எதைக் கையில் கொடுத்தாலும் வாசிப்பார். முடி கறுப்பாக இருந்தபோது ஜாஸ் குழுவில் சேர்ந்தவர், வழுக்கை விழுந்த பிறகும் மேடை ஓரத்தில்தான் நின்றார்.

மனைவிக்கு அதில்தான் ஆறாத குறை. அதே குழுவின் கிளாரினெட்காரரைச் சொல்லிச் சொல்லிக் குத்துவாள். "அவரு ரெக்கார்டைக் கேட்டா உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுது. நீங்களும் இருக்கீங்களே!" அவர் சிரித்துக்கொண்டே சாக்ஸபோனைத் துடைப்பார்.

மகளுக்குக் குழந்தை பிறந்து, இருவரும் மகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பேத்தி அழுகையை நிறுத்துவதாக இல்லை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, மனைவி அந்தக் கிளாரினெட் ரெக்கார்டை மகளிடம் போடச் சொன்னாள். அவர்கள் வீட்டில் இருந்தது கரகரக்கும் பழைய பெட்டி. மகள் வீட்டிலோ ஆளுயர ஸ்பீக்கர்.

முதல் சுரத்துக்கு முன்னால், 'ஙீ' என்று மெல்லிய விசில்.

மனைவி திடுக்கிட்டுத் திரும்பினாள். அவர் குழந்தைத் துணி மடித்துக்கொண்டிருந்தார். மறுபடியும் ஸ்பீக்கரில் 'ஙீ'. வாசிப்பு நின்று தொடங்கும்போதெல்லாம் 'ஙீ'.

இளவயதில் டிரம்ஸ் ஸ்டாண்டு விழுந்து அவர் மூக்கு வளைந்தது. அன்றிலிருந்து மூச்சை இழுத்தால் அந்தச் சத்தம்தான். கல்யாணமான நாள் முதல் அதன் பக்கத்தில் தூங்குகிறவளுக்குத் தெரியாதா?

"என்னங்க, இது யாரு வாசிச்சது?"

"அட்டையில போட்டிருக்கே."

"நான் அட்டையக் கேக்கல. உங்க மூக்கக் கேக்குறேன்."

மடித்த துணி கையிலிருந்து நழுவியது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ரெக்கார்டிங் அன்னிக்கு அவனுக்கு உதடு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. ஸ்டூடியோவுல எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. 'வெளிய தெரிஞ்சா என் பொழப்பு போச்சுடா'ன்னு கையப் புடிச்சுக்கிட்டான். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்துட்டேன்."

"அவருதான் போய்ச் சேந்துட்டாரே! அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"செத்தவன்கிட்ட புடுங்கின மாதிரி இருக்காதா?"

"அடப்பாவி மனுஷா! அவர நம்ம வீட்டுல சாப்பிட உக்காரவச்சு, 'இவருக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க'ன்னு உங்களக் கைகாட்டினேனே! பக்கத்துலயே தண்ணி ஊத்திக்கிட்டு நின்னீங்களே!"

"அவனுக்குத்தான் பாவம், சாப்பாடு எறங்கல."

வாசலில் நின்ற மகள் பிளந்த வாயை மூடவில்லை. மனைவிக்கு அழுவதா, அடிப்பதா என்றே தெரியவில்லை. "உங்க மேல எனக்கிருந்த ஒரே குறை இந்த வாசிப்புதாங்க. எங்கிட்டகூட மறைச்சிட்டீங்களே!"

படக்கென்று ஸ்பீக்கரை அணைத்தாள். தோளில் பேத்தி சிணுங்கியது.

"மீதிய நீங்க வாசிங்க. என் கண்ணு முன்னால."

"இங்க கிளாரினெட் ஏதும்மா? பையில புல்லாங்குழல்தான் இருக்கு."

"ஸ்டெப்னிதானே நீங்க? எடுங்க அத."

எடுத்தார். உதட்டில் வைத்தார். 'ஙீ' என்றது மூக்கு. அந்தப் பாட்டு, விட்ட இடத்திலிருந்து அப்படியே வந்தது. குழந்தையைத் தட்டிக்கொடுத்த அவள் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.